ஒட்டகத்தின் முழங்கால்

பழைய போர் விமானம் ஒன்றை நாற்சந்தியில் தூண்மேல் ஏற்றி நிறுத்தப் போகிறார்கள் என்று எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது என் வேலை. அன்று சாயங்காலத்துக்குள் கண்ணாடி மூடியைப் பசை போட்டு ஒட்டிவிட வேண்டும். ஒட்டிவிட்டால் அப்புறம் யாரும் உள்ளே உட்கார முடியாது.

மத்தியானம் இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். இருவரும் அந்த விமானத்தை ஓட்டியவர்கள். நெட்டையாக இருந்தவருக்குப் படையில் பட்டப்பெயர் ஒட்டகம். குட்டையானவர் அவருடைய தங்கையைக் கட்டியவர்.

“இதுக்குள்ள முதுகு அரிச்சா சொறிய முடியாது தம்பி,” என்றார் குட்டையானவர். “தரையிறங்குற வரைக்கும் பொறுத்துக்கணும்.”

“நீ பொறுத்துக்கிட்ட லட்சணம்தான் ரேடியோவுல எல்லாருக்கும் கேட்டுச்சே, மாப்பிள்ளை.”

ஒட்டகம் கதை பேச வரவில்லை. கடைசியாக ஒருதரம் உள்ளே உட்கார வந்திருந்தார். வலது முழங்காலை அறுத்து உலோகம் வைத்து ஒரு வருஷம் ஆகிறதாம். பாதிக்கு மேல் மடங்காது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏணி ஏறினார். உள்ளே இறங்கினால் முழங்கால் போய்க் கருவிப் பலகையில் முட்டி நின்றது. வெளியே வந்து மறுபடி இறங்கினார். மூன்று தரம். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று.

“போதும் மச்சான். வீட்டுல உன் தங்கச்சிக்கு நான்தான் பதில் சொல்லணும்.”

“ஒன்பது வருஷம் இதே கால்தானே உள்ள போச்சு?”

“அப்ப அது சொந்தக் கால்.”

“இதுவும் என் காசுல வாங்கினதுதான். ஏணியைப் பிடி.”

நான் இறக்கைமேல் நின்று எட்டிப் பார்த்தேன். இருக்கை தொட்டி மாதிரி குழிந்து கிடந்தது. சுரண்டும்போதே எனக்குச் சந்தேகம். அவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்தால் ஆளுக்கு வெளியே என்ன தெரியும்?

“ஐயா, இந்தக் குழியில என்ன இருந்துச்சு?”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“பெட்டி,” என்றார் ஒட்டகம். “வெளிய குதிச்சா உயிர் பிழைக்கத் தேவையான சாமான். அதும்மேலதான் உட்காருவோம். கல்லு மாதிரி குத்துதுன்னு தினம் திட்டுவோம். அதைப் போய் மறந்திருக்கோம் பாரு.”

தரையில் விரித்திருந்த தார்ப்பாயை மடித்துக் குழிக்குள் திணித்து, ஏறி நின்று மிதித்தேன். ஒரு சாண் உயர்ந்தது.

நாலாவது தரம் காலை மெல்ல நீட்டினார். இருக்கை உயர்ந்ததால் கால் கீழ்நோக்கிச் சரிந்து, முழங்கால் பலகைக்கு அடியில் நுழைந்து போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். மூடியை இறக்கிப் பார்த்தேன். தலை இடிக்கவில்லை.

“வயசாகி உயரம் நாலு விரல் குறைஞ்சதும் நல்லதுக்குத்தான்,” என்றார் குட்டையானவர்.

மூடியைத் திறந்து, கலக்கி வைத்த பசை காய்கிறது என்றேன். ஒட்டகம் எங்களைக் கவனிக்கவில்லை. கிளம்புமுன் பார்க்க வேண்டியதையெல்லாம் இடது பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

“மச்சான், பசை காயுதாம். இறங்கு.”

“பேசாதே. மொத்தம் முப்பத்தொண்ணு. உன்னால எண்ணிக்கை விட்டுப்போச்சு.”

மறுபடி இடது பக்கம் முதல் பொத்தானில் விரலை வைத்தார்.