அண்ணாமலை நகர்ப் பொட்டலம்

புருஷன் இளவரசுவுக்குக் கொழுப்பு ஏறியதைக்கூட மலர்க்கொடி பொறுத்துக்கொண்டாள். அதற்கு மருந்து அவனுடைய அக்கா வீட்டிலிருந்து வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கொலஸ்ட்ரால் இருநூற்று அறுபத்திரண்டு என்று ரிப்போர்ட் வந்த அன்றே, திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் அப்பளம் பொரிப்பதை நிறுத்தியவள் அவள். குழம்புக்குத் தேங்காய் கிடையாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை கொள்ளு ரசம். டாக்டர் எழுதிய மாத்திரையைத் தினமும் எடுத்துக் கையில் கொடுப்பதும் அவள்தான். யார் கண்டுகொண்டார்கள்?

மாதத்தின் முதல் ஞாயிறு அவன் சிதம்பரம் போனான். அண்ணாமலை நகரில் இருக்கும் அக்கா தில்லையம்மாள், மருதம்பட்டையும் வெந்தயமும் இடித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தாள். கோயில் பிரசாதம் போல அதை ஏந்திக்கொண்டு வந்து நின்றான்.

“அக்கா கையால இடிச்சது மலரு. தெனம் காலையில காச்சிக் குடுத்துடு.”

ஏன், என் கை என்ன அழுகியா போச்சு என்று கேட்க நாக்கு துடித்தது. பொட்டலம் அரிசி டிரம்முக்குள் போனது. காலை டீக்குப் போட்டு வடிகட்டிய தூளையே மறுபடி கொதிக்கவிட்டு, சீரகம் தட்டிப் போட்டு டம்ளரில் நீட்டினாள்.

“யப்பா, என்னா தொவப்பு! அக்கா அக்காதான்” என்று ஒரே மூச்சில் குடித்தான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

மூன்று மாதம், மூன்று பொட்டலம். மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்த்தால் நூற்று எண்பத்து நான்கு! மலர்க்கொடிக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்தது மாத்திரையும் என் சமையலும். இன்றைக்குப் போட்டு உடைத்துவிட வேண்டும். டிரம்மைத் திறந்து பொட்டலங்களை எடுக்கக் கையை விட்டாள்.

அவனோ அதற்குள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். “அக்கா, ஒன் கசாயம் ஜெயிச்சிடிச்சி!”

“அட போடா. நா இடிச்சிதான குடுத்தேன்? தெனம் மறக்காம காச்சிக் குடுத்தா பாரு, அவளச் சொல்லு. ஒங்க மாமாவுக்கும் இதையேதான் இடிக்கிறேன். பாதி நாளு காச்ச மறந்துடறேன், அவருக்குக் கொழுப்பு எறங்கவே இல்ல. போன மலருகிட்ட குடு.”

டிரம்முக்குள் இருந்த கையை மெல்ல வெளியே எடுத்தாள். விரலில் ஒட்டியிருந்த அரிசி தரையில் உதிர்ந்தது.

“சொல்லுங்க அண்ணி.”

“நீ நல்லாருக்கணும் மலரு. வர்ற ஞாயித்துக்கெழம அங்க வர்றேன். நீ காச்சற பக்குவத்த பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்.”

“வாங்க அண்ணி” என்றாள். மாட்டிக்கொண்ட பயத்தில் டிரம் மூடியை அழுத்தி மூடினாள். அப்போதும், பாவி இவ்வளவு நல்லவளாக இருக்கிறாளே என்றுதான் அவளுக்கு வயிறு எரிந்தது.