ஒரு மாதிரி இருக்கு

இன்னும் வெளிவராத ஒரு விளையாட்டைப் பற்றி நாலு பேரிடம் கருத்துக் கேட்கவே கூடாது. தலைதான் சுற்றும்.

எங்கள் கம்பெனி செய்துகொண்டிருக்கும் வீடியோ கேமில் மலை, காடு, கடல் எல்லாம் உண்டு. ஆடுகிறவர் இஷ்டத்துக்கு எங்கு வேண்டுமானாலும் திரியலாம். அதன் ஒரு மூலையில் இருக்கும் சின்ன ஊர் என்னுடையது. ஒவ்வொரு சந்தும் ஜன்னலும் நான் பார்த்துப் பார்த்துச் செய்தது. அதை வைத்துக்கொள்வதா, தூக்கிவிடுவதா என்று இன்றைக்கு முடிவு. வெளியாட்கள் சிலரை ஆடவைத்து, அவர்கள் சொல்வதை வைத்துத் தீர்மானிப்பதாக எங்கள் டீம் லீடர் அறிவித்திருந்தார். எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம்.

முதலில் ஆடியவர் ஒரு வங்கிக்காரர். "ஊரு ரொம்பப் பெருசு, கால் வலிக்குது" என்றார். ஆடியதென்னவோ விரலால்தான். அடுத்து வந்த பல் டாக்டர், "ரெண்டு தெருவுல முடிஞ்சு போச்சே" என்றார். "வழி தெரியாம சுத்திட்டே இருந்தேன்" என்று இரண்டு பேர் சொன்னார்கள்; ஒருவர் சிரித்துக்கொண்டு, ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு. நான் செய்தது நல்ல ஊரா, வெட்டி ஊரா என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது.

கடைசி ஆள் வரவில்லை. வீட்டுச் சாவி கொடுக்க வந்த என் அண்ணியை அவசரம் பிடித்து உட்காரவைத்தார். அண்ணி கேம் ஆடியதே இல்லை. மலையில் பெரிய சண்டை நடந்துகொண்டிருக்க, அவர் என் ஊருக்குள் புகுந்து ஒரு பச்சைக் கதவைத் தட்டினார். நின்றார். மறுபடி தட்டினார். கொடுத்த நேரம் முழுக்க அதே கதவுதான்.

"எப்படிங்க இருக்கு?" என்றார் அவசரம்.

"ஒரு மாதிரி இருக்கு."

"போச்சு, பிடிக்கல" என்று அவசரம் என் பக்கம் திரும்பினார். "தூக்கிடலாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அண்ணி இதே வார்த்தையை முன்பும் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"இருங்க சார். அண்ணி, எங்க அண்ணன முதல்ல பாத்தப்பவும் இதத்தானே சொன்னீங்க? ஆளு ஒரு மாதிரி இருக்காருன்னு?"

"ஆமா."

"அது நல்ல மாதிரியா, கெட்ட மாதிரியா?"

"இன்னும் பிடிபடல" என்றார் அண்ணி. "அதான் கூடவே இருந்து பாத்துட்டு இருக்கேன்."

அண்ணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்கும் வரலாமா? உள்ள யாரோ இருக்காங்க. தொறக்கத்தான் மாட்டேங்கறாங்க."

அவர் போன பிறகு அவசரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சும்மா நின்று நான் பார்த்தது இன்றுதான்.

"ஊரு இருக்கட்டும்" என்றார் கடைசியில். "ஆமா, உள்ள யாரு?"

"யாரும் இல்ல சார். வெறும் சுவர். அதுல கதவு மாதிரி வரைஞ்சிருக்கேன், அவ்வளவுதான்."

"அத அவங்ககிட்ட சொல்லித் தொலைக்காதம்மா."

ஊர் பிழைத்துவிட்டது, சந்தோஷம்தான். ஆனால் நாளைக்கு அண்ணி வந்து மறுபடி தட்டுவார். அந்தச் சுவருக்குப் பின்னால் யாரைக் குடிவைப்பது என்று யோசிக்க யோசிக்க, எனக்கும் ஒரு மாதிரி இருக்கிறது.