நாற்பது நிமிட மேடு

நான்காம் நாள் காலை, லோர்னா ஹாகன் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் திரைக்கு முன் குனிந்து பார்த்தாள். பொட்டாசியத்தின் கோடு மறுபடியும் நகர்ந்திருந்தது. நகரவே கூடாத கோடு அது. உலகத்தின் எந்த மூலையில் வைத்து அளந்தாலும் பொட்டாசியம் உமிழும் எக்ஸ் கதிர் ஒரே ஆற்றலில்தான் வரும். அதை நம்பித்தான் அளவுகோலாக வைத்திருந்தார்கள். அது நகர்கிறது என்றால் தவறு பொட்டாசியத்தினுடையதல்ல, அதை அளக்கும் உணரியினுடையது. உணரியைச் செய்தவள் லோர்னா.

கொலராடோவில் அவளுடைய ஆய்வகத்தில் இதே உணரி ஊசி முனை போன்ற கோடுகளைத் தந்தது. இருநூற்று நாற்பது சின்னஞ்சிறு சதுரங்கள், ஒவ்வொன்றும் ஒரு மணல் பரலை விடச் சிறியது. இதற்குக் கீழே குளிரே இல்லை என்னும் தனிச்சுழி வெப்பநிலைக்குப் பத்தில் ஒரு டிகிரி மேலே, மின்தடை முற்றிலும் மறைவதற்கும் மறையாமல் இருப்பதற்கும் நடுவிலுள்ள விளிம்பில் அவற்றை நிறுத்திவைக்க வேண்டும். எக்ஸ் கதிரின் ஒரே ஒரு துகள் வந்து விழுந்தால் போதும், சதுரம் இம்மியளவு சூடாகும். அந்தச் சூட்டை அளந்தால் துகளின் ஆற்றல் தெரியும். ஒன்பது வருடம் அவள் இதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்று அவளுடைய முன்னாள் கணவன் நீதிமன்றத்தில் சொன்னபோது அவளால் மறுக்க முடியவில்லை.

அந்த உணரியை லாரியில் ஏற்றி, சிகாகோவுக்கு வெளியே, எலெக்ட்ரான்களைச் சுழலவிட்டு எக்ஸ் கதிர் உண்டாக்கும் இந்த வளையத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஒதுக்கப்பட்டது ஆறு நாள். அதில் மூன்று நாள் தேடுவதிலேயே போயிருந்தது. மின்னணுப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் வெர்னன் பிரூயிட் முதல் நாள் பம்புகளின் அதிர்வைச் சந்தேகித்து அவற்றுக்கடியில் ரப்பர் வைத்தான். இரண்டாம் நாள் கம்பிகளையெல்லாம் அவிழ்த்து வேறு வழியாக இழுத்தான். மூன்றாம் நாள் மாலை, உணரி இருக்கும் குளிர்கலனை முழுக்கச் சூடாக்கித் திறந்து, மூடி, மறுபடி குளிர்வித்தார்கள். அறுபது வயதில் தரையில் படுத்துத் தவழ்ந்ததில் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

இந்த மூன்று நாளும் ஆர்லிண்டா பெஷ்லகாய் மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அரிசோனாவில் நவஹோ பழங்குடி நிலத்தில் சுகாதாரப் பணி செய்கிறவள். காலடியில் அலுமினியப் பெட்டி. அதற்குள் அறுபத்தொரு சிறிய டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டுச் சுவரிலிருந்து அவளே சுரண்டியெடுத்த தூசி. மூடிப்போன யுரேனியச் சுரங்கங்களின் கழிவுக் கல்லை வைத்துக் கட்டிய வீடுகள் அவை. அந்தத் தூசியில் இருப்பது உடம்பில் கரைந்து கலக்கிற வகை யுரேனியமா, கரையாத வகையா என்பதுதான் அவளுடைய கேள்வி. கரைகிற வகை என்றால் உடனே வெளியேற வேண்டும். மற்றது என்றால் சுவரைப் பூசி மூடி, சுத்தப்படுத்தும் பட்டியலில் அந்த வீட்டின் முறை வரும்வரை சமாளிக்கலாம். இரண்டின் கோடுகளும் மயிரிழை தள்ளித்தான் நிற்கும். தூசியில் யுரேனியம் மிகக் குறைவு என்பதால் வேறு கருவிகளால் அதைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. லோர்னாவின் கருவி பிரித்துக் காட்டும் என்று லோர்னாதான் கடிதம் எழுதியிருந்தாள்.

அன்று காலை வெர்னன் காபி வாங்கப் போனபோது, வேறெதுவும் தோன்றாமல், லோர்னா மூன்று நாளும் பொட்டாசியக் கோடு நின்ற இடங்களையெல்லாம் நேரப்படி வரிசையாக வரைந்து பார்த்தாள். தாறுமாறாக இருக்கும் என்றுதான் நினைத்தாள். ஆனால் திரையில் மேடு மேடாக எழுந்தது. ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி, ஒவ்வொன்றும் சரியாக நாற்பது நிமிடம். மதியம் பன்னிரண்டிலிருந்து முக்கால் மணி நேரம் மட்டும் மூன்று நாளும் சமதரை.

இயந்திரம் மதியச் சாப்பாட்டுக்குப் போகாது. இது யாரோ ஒரு ஆள். லோர்னா எழுந்து நடந்தாள்.

வளையத்தைச் சுற்றி வரிசையாக ஆய்வு நிலையங்கள். ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து என்ன அளக்கிறார்கள் என்று கேட்டாள். வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஈயச் சுவருக்கு அந்தப் பக்கம், இரண்டாவது நிலையத்தில், ஆளுயரக் காந்தம் ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் வெள்ளைப் பலகையில் கிறுக்கல் எழுத்தில் நேரங்கள்: தொடக்கம், உச்சம், சுழி, தொடக்கம், உச்சம், சுழி. பேனாவைக் கொண்டைக்குள் செருகியிருந்த ஓர் இளம்பெண் கிண்ணத்தில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். ஜார்ஜியாவிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி, பெயர் பிரிசில்லா ஓடம்.

"நீங்க காந்தத்தை ஏத்தி ஏத்தி இறக்குறீங்களா?" என்று லோர்னா கேட்டாள். "நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை?"

"ஆமா. ஏன், சத்தம் உங்க பக்கம் வருதா?"

சத்தம் வந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாள். ஈயம் கதிரைத் தடுக்கும், காந்தத்தைத் தடுக்காது. பூமியின் காந்தத்தில் நூறில் ஒரு பங்கு அசைந்தாலும் அவளுடைய சதுரங்கள் விளிம்பிலிருந்து சறுக்கிவிடும். அதற்காகத்தான் குளிர்கலனுக்கு இரண்டு கவசங்கள் இருந்தன. இப்போது ஒன்றுதான் இருந்தது. உணரியின் முகப்பைச் சோதிக்கும் தூசிக்கு இரண்டு விரற்கடை நெருக்கமாகக் கொண்டுபோனால் அதிகத் துகள்கள் கிடைக்கும் என்று வெளிக்கவசத்தைக் கழற்றச் சொன்னவள் அவள்தான். வேண்டாம் என்று வெர்னன் ஒருமுறை சொன்னான். அவள் கேட்கவில்லை. அந்தக் கவசம் இப்போது கொலராடோவில் ஒரு அலமாரியின் மேல் கிடந்தது.

நிலைமையைச் சொல்லி, இரண்டு நாள் காந்தத்தை நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டாள். வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று பிரிசில்லா முதலில் சிரித்தாள்.

"எனக்கு மிச்சமே ரெண்டு நாள்தான், ராத்திரியும் ஆள் மாத்தி ஓட்டுறோம். இதுக்குப் பதினாலு மாசம் காத்திருந்தேன். என் படிகம் காத்துப் பட்டா கெட்டுப்போகும். இன்னொரு தடவை வர்ற வரைக்கும் தாங்காது."

"உங்க படிகம் யாரோட நுரையீரலுக்குள்ளயும் போறதில்ல" என்றாள் லோர்னா.

சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு மோசமாக ஒலித்தது என்று அவளுக்குத் தெரிந்தது. பிரிசில்லா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, நிர்வாகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள். லோர்னா நிர்வாகத்தில் கேட்டாள். தளப் பொறுப்பாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரு தரப்பும் எந்த விதியையும் மீறவில்லை, அதனால் யாரையும் நிறுத்தச் சொல்லத் தனக்கு அதிகாரமில்லை என்றார். வேண்டுமானால் புதிய விண்ணப்பம் போடலாம், எட்டு மாதம் ஆகும்.

திரும்பி வரும்போது ஆர்லிண்டா நடைபாதையில் நின்றிருந்தாள். காந்தத்துக்குப் பக்கத்தில் நடந்த பேச்சு அவள் காதில் விழுந்திருந்தது.

"என் வீடுகளைக் கல்லு மாதிரி எடுத்து அந்தப் பொண்ணு மேல எறியாதீங்க" என்றாள். "எங்க தூசியை எடுத்துட்டுப் போய் இதுவரைக்கும் பதினோரு பேர் பட்டம் வாங்கியிருக்காங்க. ஒருத்தர்கூட பதில் அனுப்பல. நான் கோபப்பட எனக்கு ஆள் இருக்கு. அந்தப் பொண்ணு அதுல இல்ல."

அந்தப் பதினோரு பேருக்குப் பிறகு பன்னிரண்டாவதாக ஆர்லிண்டா யாரை எண்ணுவாள் என்று யோசித்தபடி லோர்னா உள்ளே போனாள். வெர்னனிடம் கவசத்தைப் பற்றி அவளே வாய் திறந்து சொன்னாள். முன்பே சொன்னேனே என்று அவன் சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"பம்புக்கு அடியில வெச்ச ரப்பரையெல்லாம் எடுத்துரட்டுமா?" என்று கேட்டான்.

அவன் அதைச் சொல்லிக் காட்டியிருந்தாலே தேவலை என்றிருந்தது அவளுக்கு. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கை துடைக்கும் காகிதத்தை ஒவ்வொன்றாக உருவிக் கசக்கிக் கூடையில் போட்டாள். காகிதப் பெட்டி காலியான பிறகுதான் வெளியே வந்தாள்.

மாலை நான்கு மணிக்குப் பிரிசில்லா தானாகவே வந்தாள். உள்ளே வராமல் வாசலில் நின்றபடி கையிலிருந்த நோட்டைப் பார்த்துப் பேசினாள். காந்தத்தை உச்சத்தில் நிறுத்திவிட்டு வெப்பநிலையை மட்டும் மாற்றிப் பார்க்கும் வேலை ஒன்று அவளுக்குப் பாக்கியிருந்தது. கடைசியில் செய்வதாக வைத்திருந்ததை நாளைக் காலைக்கு மாற்றிக்கொள்கிறாளாம்.

"எட்டுலேருந்து ரெண்டு வரைக்கும் காந்தம் அசையாது. ஆறு மணி நேரம். அதுக்கு மேல என்னால முடியாது."

"உச்சத்துல வேண்டாமே, சுழியில நிறுத்த முடியாதா?" என்றாள் லோர்னா.

"சுழியில எனக்கு அளக்க ஒண்ணுமே இல்லியே."

உச்சத்தில் நின்றால் கோடு அசையாது, ஆனால் தடித்துவிடும். சதுரங்கள் பாதிக் கூர்மையில்தான் வேலை செய்யும். ஊசி முனைக்குப் பதில் மொண்ணைப் பென்சில். ஒன்பது வருட உழைப்பை யாராவது எடை போட்டால் அந்தத் தடித்த கோட்டைத்தான் பார்ப்பார்கள். லோர்னா சம்மதித்தாள். காலையில் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டாள். பிரிசில்லா தலையசைத்தாள், மன்னித்தாளா என்று தெரியவில்லை.

ஒரு மாதிரிக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும். ஆறு மணி நேரத்தில் நான்கு. ஆர்லிண்டா பெட்டியை மேசை மேல் திறந்து அறுபத்தொரு டப்பாக்களையும் வரிசையாக அடுக்கினாள். கைக்குழந்தை இருக்கும் வீடுகளைத் தனியாக நகர்த்தினாள். அது பதினேழு வந்தது. தண்ணீர்த் தொட்டி சுவரை ஒட்டி இருப்பவை என்று பிரித்தாள், ஒன்பது. பிறகு நீண்ட நேரம் ஒன்றையும் தொடவில்லை. வெர்னன் உதவி செய்வதாக நினைத்து, யுரேனியம் அதிகமாக இருப்பவற்றை எடுத்தால் கோடு சீக்கிரம் வரும் என்றான். ஆர்லிண்டா அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். கடைசியில் நான்கு டப்பாக்களை எடுத்து வைத்தபோது, எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்று இருவரும் கேட்கவில்லை.

மறுநாள் எட்டு மணிக்குப் பொட்டாசியக் கோடு ஒரு பக்கமாக ஏறிப் போய் நின்றது. நின்றேவிட்டது. முதல் வீட்டின் யுரேனியம் ஒன்றரை மணி நேரத்தில் சந்தேகமில்லாமல் கரைகிற வகையின் பக்கம் குவிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வீடு கரையாத வகை. ஆர்லிண்டா ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, எழுதியதன் கீழ் கோடிட்டாள். நான்காவது மட்டும் இரண்டுக்கும் நடுவில், அகலமாக, தலை மழுங்கிய குன்று போல் எழுந்தது. உணரியின் முழுக் கூர்மையும் இருந்திருந்தால் அது இரண்டாகப் பிளந்திருக்கும், அல்லது ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். இரண்டு மணிக்கு அந்தப் பக்கம் காந்தம் இறங்கத் தொடங்கியது.

"கொஞ்சம் இடப்பக்கம், கரையாத வகைப் பக்கம் சாயுது" என்றான் வெர்னன். "சாயுதுன்னு எழுதிடலாம்."

லோர்னா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாய்கிறது என்று அவளுக்கும் பட்டது. அப்படிப் படவேண்டும் என்று அவள் விரும்புவதால்கூடப் படலாம். "எழுத முடியாது" என்றாள்.

"இந்த வீட்டுக்காரங்க போன இலையுதிர் காலத்துலேருந்து வெளிய டிரெய்லர் வண்டியில இருக்காங்க, பனியில" என்றாள் ஆர்லிண்டா. "உள்ள போகலாமான்னுதான் கேட்டாங்க. நான் என்ன சொல்றது?"

"எனக்குத் தெரியலைன்னு சொல்லுங்க. என் பேரைச் சொல்லியே சொல்லுங்க."

ஆர்லிண்டா அந்த வரியை வெறுமையாக விட்டு நோட்டை மூடினாள்.

ஆறாம் நாளும் மேடு மேடாகவே போனது. அன்று மதியம் லோர்னா விண்ணப்பப் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு, அலுமினியப் பெட்டியின் ஒரு பிடியைத் தான் தூக்கிக்கொண்டாள். வாகன நிறுத்துமிடத்தில் உப்புப் படிந்த கார்களின் மேல் புதுப் பனி தூவிக்கொண்டிருந்தது. பெட்டியை ஆர்லிண்டாவின் பிக்கப்பில் முன் இருக்கையில் வைத்தார்கள். கவசத்தோடு திரும்ப வருகிறேன் என்று லோர்னா சொல்ல நினைத்தாள். அதுபோன்ற வாக்கை அந்தப் பெண் பதினோரு முறை கேட்டிருப்பாள் என்று தோன்றியதால் பிடியை விடுவதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆர்லிண்டா வண்டியைக் கிளப்பியதும் வண்டிக்குள் ஒரு எச்சரிக்கை மணி இடைவிடாமல் ஒலித்தது. பெட்டியின் கனத்தில், பக்கத்து இருக்கையில் யாரோ இருக்கைப் பட்டை போடாமல் உட்கார்ந்திருப்பதாக வண்டி எண்ணிக்கொண்டது. அவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு எட்டி, இருக்கைப் பட்டையை நீளமாக இழுத்து, பெட்டியின் குறுக்கே கொண்டுவந்து, மெதுவாகப் பூட்டினாள்.