சுருளிவேல் வீட்டு உச்சிவேளை

ராயப்பன்பட்டியில் சுருளிவேல் வீட்டுக்கு மட்டும் உச்சிவேளை ஒரு மணி நேரம் பத்து நிமிடம் பிந்தி வருகிறது. அவன் கப்பல் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய மறுநாள் இது தொடங்கியது. தெருவில் எல்லா நிழலும் காலடிக்கு வந்த பிறகும் அவன் முற்றத்தில் வெயில் சாய்ந்தே கிடந்தது. காம்பவுண்டுச் சுவர்தான் எல்லை. சுவர்மேல் நடந்த கோழிக்கு இரண்டு நிழல் விழுந்தது. ஊர் விடிந்த பின்னும் உள்ளே இருட்டாக இருந்ததால் அவன் மனைவி நதியா விளக்கைப் போட்டுச் சமைத்தாள். மாலையில் வெயில் மிச்சமிருந்ததால் அக்கம்பக்கத்துப் பெண்கள் வடகத்தை அந்த மாடியில் காயப் போட்டார்கள். தேனியிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர் வந்து இரண்டு நாள் அளந்து, இது ஓமன் கடலின் வெயில், கணக்கு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரும் கேட்டுக்கொண்டது. கடல்காரன் வீட்டில் கடல் வெயில் அடிப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

ஏன் என்று தெரிந்தவன் சுருளிவேல் ஒருவன்தான். கப்பலில் அவன் இரண்டாம் அதிகாரி. வழி பார்ப்பது அவன் பொறுப்பு. ஜிபிஎஸ் இருந்தாலும் தினமும் நண்பகலில் செக்ஸ்டன்ட் என்ற கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து, கப்பல் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டு எழுத வேண்டும் என்பது கேப்டனின் உத்தரவு. சுருளிவேல் பதினோரு வருடத்தில் அதைச் செய்தது கொஞ்ச நாள்தான். ஜிபிஎஸ் திரை காட்டும் இடத்தைப் பார்த்து, அங்கே சூரியன் எவ்வளவு உயரத்தில் இருந்திருக்கும் என்று கணக்கைப் பின்னாலிருந்து போட்டு எழுதிவிடுவான். கண்டுபிடித்தவர் இல்லை. ஒரு பங்குனி மாதம் ஓமன் கடலில் யாரோ செயற்கைக்கோள் சிக்னலைக் குழப்பிவிட்டிருந்தார்கள். திரை நம்பும்படியாக இருபது மைல் தள்ளி ஓர் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அன்றும் அவன் வெளியே போய்ச் சூரியனைப் பார்க்கவில்லை. சாப்பிட்ட பிறகு கைப்பிடிக் கம்பிக்குப் பெயிண்ட் அடிக்கப் போன மாலுமி வேல்பாண்டியை மூன்று மணித் தேநீருக்குக் காணவில்லை. சுருளிவேல் எழுதி வைத்திருந்த இடத்தைத்தான் மீட்புக்காரர்களுக்குச் சொன்னார்கள். ஹெலிகாப்டர் அங்கேதான் தேடியது. சாயங்காலம் சிக்னல் சரியானபோது திரையில் கப்பல் இருபது மைல் தாவி நின்றது.

விசாரணையில் சிக்னலைக் குற்றம் சொல்லி எழுதி முடித்தார்கள். வேல்பாண்டி மயிலாடும்பாறைக்காரன், சுருளிவேலே கூட்டிப்போய்க் கப்பலில் சேர்த்துவிட்டவன். அவன் பெட்டியை வீட்டில் ஒப்படைக்கப் போனபோது, அவன் மனைவி முனீஸ்வரி, இவ்வளவு தூரம் தூக்கி வந்தீர்களே என்று சொல்லிச் சோறு போட்டாள். சுருளிவேல் சாப்பிட்டான். இரண்டாம் தடவை குழம்பும் வாங்கிக்கொண்டான். அதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு வாய் கசந்தது. வடகம் காயப்போட வரும் பெண்கள் அந்த வெயிலைப் புகழ்ந்தால், எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

இரண்டாம் வருடம் முனீஸ்வரி பஸ் ஏறி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஓமன் கடல் வெயிலு இங்கன அடிக்குதுன்னு சொல்றாக. அவுக மேல கடைசியா விழுந்த வெயிலு இதுதானாண்ணே?"

அவன் ஆமாம் என்றான். அவள் முந்தானையை விலக்கி, கையை அந்த வெயிலில் நீட்டி வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

"அன்னைக்கு நான் சூரியனப் பாக்கல தாயி. பாத்த மாதிரி எழுதுனேன்."

"பாத்திருந்தா?"

"எடம் தப்புன்னு தெரிஞ்சிருக்கும். சரியான எடத்துல தேடியிருப்பாக."

காபி கொண்டு வந்த நதியா நடையிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கும் இது புதிது. முனீஸ்வரி முற்றத்தில் உட்கார்ந்தாள். ஊரில் விளக்கு வைத்து, சர்ச்சில் பூசை முடிந்து, கடைசியில் அந்த வீட்டிலும் வெயில் இறங்கும்வரை அப்படியே இருந்தாள். பிறகு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"ஒடம்பு வரல, எங்கன திதி குடுக்குறதுன்னு தெரியாம இருந்தேன். இங்கன குடுக்குறேன். உச்சி நேரத்த நீங்க பாத்துச் சொல்லணும். இந்தத் தடவ மெய்யாப் பாத்து."

அதிலிருந்து ஒவ்வொரு பங்குனியிலும் வருகிறாள். செக்ஸ்டன்டால் அளக்கத் தொடுவானம் வேண்டும்; அது தெரியாத ஊர் என்பதால் சுருளிவேல் தாம்பாளத்தில் எண்ணெய் ஊற்றி, அதில் தெரியும் சூரியனை வைத்து அளக்கிறான். சூரியன் ஏறி ஏறி, மேலே போவது நின்றதும், "இப்ப" என்கிறான். முனீஸ்வரி எள்ளும் தண்ணீரும் விடுகிறாள். அவன் கருவியைக் கண்ணிலிருந்து எடுப்பதில்லை. எடுத்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அவளும் முடித்துவிட்டு, நதியாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போகிறாள். அவனிடம் வேறொரு வார்த்தை பேசியதில்லை.

வெயில் திருந்தவில்லை. திருந்தும் என்று அவனும் இப்போது எதிர்பார்ப்பதில்லை. கைக்கடிகாரத்தை அந்த வெயிலுக்கே மாற்றி வைத்துக்கொண்டான். அதனால் கம்பம் பஸ்ஸைப் பலமுறை தவற விடுகிறான். அடுத்த பஸ் வரும்வரை நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறான்.