நான்காவது ஸ்குரூ

வெள்ளிக்கிழமை காலை பொத்தானை அழுத்தினேன். விசிறிகள் சுற்றின. திரையில் ஒன்றும் வரவில்லை. மதர்போர்டின் ஓரத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் எரிந்தது. அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் சிபியு என்று போட்டிருக்கும். பிராசஸர் போயிருக்கலாம் என்று அதற்கு அர்த்தம். போயிருக்கலாம், அவ்வளவுதான். உறுதியாக அது சொல்லாது.

திங்கட்கிழமை மாலைக்குள் ஒரு நிமிட அனிமேஷன் அனுப்ப வேண்டும். பள்ளிப் பாடங்களுக்குப் படம் செய்யும் சென்னை நிறுவனம் ஒன்று வைத்திருக்கும் தேர்வு. இலைத்துளை எப்படித் திறந்து மூடுகிறது என்று காட்ட வேண்டும். வேலை ஒருவருக்குத்தான். கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர் வந்திருந்தோம். நானும் கவியாவும்.

பிராசஸரைச் சோதிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டரில் அதைப் போட்டுப் பார்ப்பது. அதே மாடல் போர்டு இருந்தால் நல்லது. அப்படி ஒன்று படூரில் கவியாவிடம் இருந்தது. அதை மாட்டியதே நான்தான்.

போன வருடம் மூன்று மாதம் படித்துப் பார்த்து நான் ஒரு பாகப் பட்டியல் போட்டேன். கவியா அதைப் பார்த்துவிட்டு, "சூப்பர்டி யோகு, எனக்கும் அதையே வாங்கிடு" என்றாள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தேவனேரியில் எங்கள் வீட்டுத் தரையில் வைத்து இரண்டையும் மாட்டினேன். அவள் ஸ்குரூ எடுத்துக் கொடுத்தபடி பேசிக்கொண்டிருந்தாள். கல்லூரியிலும் அப்படித்தான். வேதியியல் செய்முறை நோட்டை என்னைப் பார்த்து எழுதுவாள். வாய்மொழித் தேர்வில் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்லி என்னைவிட இரண்டு மதிப்பெண் கூடுதலாக வாங்குவாள். அந்தப் பதில் எனக்கும் தெரியும். என் குரல் மேசைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேராது.

நான் மூன்று முறை எழுதி அழித்து, கடைசியில் அனுப்பிய செய்திக்கு அவள் உடனே பதில் போட்டாள். "நானே தூக்கிட்டு வரேன்."

சனிக்கிழமை பத்து மணிக்கு ஸ்கூட்டியில் வந்தாள். கால் வைக்கும் இடத்தில் கேபினட்டைப் போர்வை சுற்றி நிறுத்தி, முழங்கால்களால் இடுக்கிப் பிடித்திருந்தாள்.

"உன்னுது முடிஞ்சிதா?" என்று கேட்டேன்.

"நேத்தே முடிஞ்சிடுச்சி. உள்ள கீது. நாளைக்கி ஒரு தபா பாத்துட்டு அனுப்பிடுவேன்."

என்னுடையதில் நாற்பது நொடிப் படம் இன்னும் பாக்கி.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "வாம்மா கவியா! இன்னா இப்டி இளைச்சிக்கினே போற? உங்க வூட்ல சோறு போடல?"

"சோறு போடறாங்க ஆன்ட்டி. நண்டுதான் போடல."

"பாத்தியா, பொண்ணுன்னா இப்டி கேட்டு வாங்கணும். இங்க ஒண்ணு கீதே, வாயத் தொறந்தா காத்து பூந்துடும்னு மூடிக்கினு குந்திகினு கீது."

இருவரும் சிரித்தார்கள். அம்மா என்னோடு அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

இரண்டு கேபினட்டையும் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்தேன். கவியாவுடையதில் குளிர்விசிறியைக் கழற்றி, நான்கு ஸ்குரூவையும் டிபன் டப்பா மூடியில் போட்டேன். சூட்டைக் கடத்தும் பழைய பசையைத் துடைத்து, அவள் பிராசஸரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, என்னுடையதைப் போட்டு விசிறியை மேலே வைத்தேன். ஒரே மாதிரி இரண்டு சதுரங்கள். பொத்தானை அழுத்தினேன். திரை வந்தது.

"ஏய், உன்னுது நல்லாத்தான்டி கீது!" கவியா கை தட்டினாள்.

பிராசஸர் நன்றாக இருந்தால் கோளாறு என் போர்டில் அல்லது மின்சாரம் வரும் வழியில். சோதனை அதோடு முடிந்தது.

"என்னுது சும்மாதான கெடக்குது? அத்த உன் போர்டுல போட்டுப் பாக்கலாம்" என்றாள் கவியா.

தேவையே இல்லை. ஆபத்தும்கூட. சந்தேகமான போர்டில் நல்ல பிராசஸரைப் போடக் கூடாது. மின்னழுத்தம் தாறுமாறாக வந்தால் அதுவும் போய்விடும். இதை நான் படித்திருந்தேன். அவள் படிக்கவில்லை. ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

நான் சொல்லவில்லை. நான் பேசாமல் இருப்பது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது.

"நீயே போடு. எனக்குக் கை நடுங்கும்" என்று அதை என் உள்ளங்கையில் வைத்தாள்.

மூலையில் இருந்த முக்கோணக் குறியைப் பார்த்துப் பொருத்தினேன். நெம்புகோலை இறக்கி விசிறியை மாட்டினேன். பொத்தானை அழுத்தினேன். அதே சிவப்பு விளக்கு.

"போச்சு, போர்டுதான்" என்றாள். அவள் முகம்தான் வாடியது. என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

அவளுடைய பிராசஸரைத் திரும்ப அவள் கம்ப்யூட்டரில் வைத்தேன். "சோதனைக்கு மூணு போதும்" என்று விசிறியின் மூன்று ஸ்குரூவை மட்டும் முறுக்கினேன். பொத்தானை அழுத்தியதும் திரை கறுப்பாகவே இருந்தது. ஐந்து நொடி. பத்து. அவள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள். அந்தப் பத்து நொடியில் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன்.

திரை வந்தது. அவள் மூச்சு விட்டு, அதை அணைத்தாள்.

என் போர்டைக் கழற்றி ரிப்பேருக்கு எடுத்துப் போகலாம் என்று, பிராசஸருக்கு மின்சாரம் தரும் எட்டுமுனை பிளக்கை உருவினேன். முனைகளில் பச்சை பூத்திருந்தது. அப்பா படகு இன்ஜினின் ஒயர் முனைகளில் இதே பச்சையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருநூறு அடிகூட இல்லை. சூட்டுக்காகக் கேபினட்டின் பக்கத் தகட்டை ஒரு வருடமாகத் திறந்தே வைத்திருந்தேன். படூரில், மூன்றாவது மாடியில், அவள் அதைச் செய்ய வேண்டியிருக்கவில்லை.

பழைய பிரஷ்ஷைப் பெட்ரோலில் தோய்த்து முனைகளைத் தேய்த்தேன். ஊசியால் சுரண்டினேன். வெயிலில் நன்றாகக் காய வைத்தேன். என் பிராசஸரையும் விசிறியையும் மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்து, அணைந்தது. திரை வந்தது.

கவியா என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். என்னால் தாங்க முடியவில்லை.

"உன்னுத இதுல போட்டிருக்கவே வேணாம்" என்றேன்.

"இன்னாடி சொல்ற?"

"போட்டதுல அதுவும் போயிருக்கலாம். தெரிஞ்சும் சொல்லல."

கைகளை எடுத்தாள். "ஏன்டி?"

"உன்னுது ஓடுது."

"ரெண்டையும் மாட்டுனதே நீதானடி."

அவள் கேபினட்டை மூடினாள். போர்வையைச் சுற்றினாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "இன்னொரு நாள் ஆன்ட்டி" என்றாள். ஸ்கூட்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

என் படத்தின் மீதியை உருவாக்கக் கம்ப்யூட்டரை ஓடவிட்டேன். மீதி நாற்பது நொடிக்கும் முப்பது மணி நேரம் ஆகும் என்று காட்டியது. தரையை ஒழுங்கு செய்தபோது டிபன் மூடியில் ஒரு ஸ்குரூ கிடந்தது. அவளுடைய நான்காவது ஸ்குரூ.

மூன்று ஸ்குரூவோடு, கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஸ்கூட்டியில் குலுங்கிப் போகிறது. விசிறி சரிந்திருந்தால் ஓடும்போது சூடு ஏறிக் கம்ப்யூட்டர் நின்றுவிடும். அவள் படம் அதற்குள்தான் இருந்தது. இன்னும் அனுப்பவில்லை.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். துண்டித்தாள். 'ஆன் பண்ணாதே' என்று செய்தி போட்டேன். ஒரு டிக்கோடு நின்றது.

"எங்கடி கெளம்பிட்ட?" என்றாள் அம்மா.

"கவியா வூட்டுக்கு. கம்ப்யூட்டர் சுவிட்ச நிறுத்திடாதம்மா."

"சண்டையா?"

"எம்மேலதான் தப்பு."

அம்மா ஒரு டப்பாவை நீட்டினாள். "அது சாப்புடாமயே போயிடுச்சி. இத்த எடுத்துக்கினு போ."

பஸ்ஸில் திறந்து பார்த்தேன். பெரிய நண்டுக்கால் எல்லாம் அதில்தான் இருந்தன. மூடிவிட்டேன். அவளுடைய இலைத்துளை என்னுடையதைவிட அழகாகத் திறக்கும் என்றும் எனக்குத் தெரியும். அவள் நிறங்களைப் பார்த்திருக்கிறேன்.

கோவளத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ மாறினேன். கைக்குள் ஸ்குரூ வியர்வையில் நனைந்திருந்தது. படூரில் அவர்கள் குடியிருப்பின் வாசலில் இறங்கும்போது, மூன்றாவது மாடி பால்கனியில் கவியா போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். கேபினட் உள்ளே போய்விட்டது.

"கவியா! ஆன் பண்ணாத! ஸ்குரூ ஒண்ணு என்கிட்ட கீது!"

காவலாளி திரும்பிப் பார்த்தார். கீழ் வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

"அதுக்கு ஏன்டி ஊரையே கூட்டுற?" என்று மேலிருந்து கேட்டாள் கவியா. அவள் சிரிக்கவில்லை. ஆனால் நான் மாடி ஏறிப் போனபோது, கம்ப்யூட்டரை ஆன் செய்யாமல் கதவைத் திறந்து வைத்திருந்தாள்.