நாடி பிடித்தபடி ஒரு பாவசங்கீர்த்தனம்

பதினோரு வருஷமாக நான் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. ராணியே சபைக்குத் தலை என்று வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்தால்தான் லண்டனில் வைத்தியம் பார்க்கலாம் என்றார்கள். பாப்பரசரை மனசில் வைத்துக்கொண்டு வாயால் சத்தியம் செய்தேன். என் மனைவி மார்ஜரி மறுவாரமே கப்பலேறி, கடலுக்கு அப்பால் லூவனில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"அந்தக் கையால அறுத்த ரொட்டி எனக்கு இறங்காது," என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

பாப்பரசரை விடாத எங்கள் பழைய விசுவாசிகள் காய்ச்சல் வந்தால் பின்வாசல் வழியாகக் கூப்பிடுவார்கள், தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ராணியின் புதுச்சபைக்காரர்களோ என்னை நம்பவேயில்லை. இரண்டுங்கெட்டான் பிழைப்பு.

தவக்காலத்தில் ஒரு காலை சிறையிலிருந்து ஆள் வந்தது. தடையை மீறி ஒளிந்து பூசை வைத்துப் பிடிபட்ட எங்கள் பாதிரியார் ஒருவரை, உடம்பை இழுக்கும் கட்டிலில் ஏற்றி விசாரிக்கப் போகிறார்களாம். ஜுரக்காரன் என்றால் பேசுவதற்கு முன்பே செத்துத் தொலைப்பான் என்று முதலில் வைத்தியரைப் பார்க்கச் சொன்னார்கள்.

"சீக்கிரம் பாருங்க வைத்தியரே," என்றான் காவலன் ஹாப்கின், வாசலில் நின்று உப்புமீனைக் கடித்தபடி. "ஜுரம் உங்க பாடு. அவன் உயரத்த நாங்க கூட்டிவிடறோம்."

அந்தப் பாதிரியார், ரோலண்ட் சாமிக்கு முப்பது வயதுகூட இருக்காது. நாடியைப் பிடித்தேன். நிதானமாக இருந்தது, ஜுரம் துளியும் இல்லை. வைத்தியன் லத்தீனில் முணுமுணுப்பது ஹாப்கினுக்குப் புதிதல்ல, புரியவும் புரியாது.

"சாமி, நான் நம்ம ஆளு. பாவசங்கீர்த்தனம் பண்ணணும்," என்றேன் லத்தீனில்.

"நாக்க நீட்டட்டுமா? அவன் பாக்கறான்."

நாக்கை நீட்டிவிட்டுக் காதைக் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"இனிமே பொய்ச்சத்தியம் பண்ண மாட்டேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். பாவமன்னிப்பு மந்திரத்தை முனகி, என் உள்ளங்கையில் விரலால் சிலுவை வரைந்தார். அழுகை வந்துவிட்டது. சோதிக்க வாங்கிவைத்த மூத்திரக் குப்பியை வெளிச்சத்துக்குத் தூக்கி, அதற்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"என்ன, ஜுரமா?" ஹாப்கின் வேதப்புத்தகத்தை நீட்டினான். "போன வைத்தியரு புளுகிட்டுப் போயிட்டாரு. இப்பல்லாம் கைய வச்சுத்தான் சொல்லணும்."

குப்பியைக் கீழே வைத்தேன்.

"உண்மையச் சொல்லுங்க," என்றார் சாமி லத்தீனில். "நான் தாங்கிக்குவேன்."

அவர் மணிக்கட்டு இன்னும் என் கையில்தான் இருந்தது. அதுவரை நிதானமாக இருந்த நாடி இப்போது தறிகெட்டு ஓடியது.

"என்ன சொல்றான்?"

"தண்ணி கேக்கறாரு," என்றேன்.

பிறகு புத்தகத்தின்மேல் கையை வைத்தேன், அவர் சிலுவை வரைந்த அதே கையை. "கடும் ஜுரம். சத்தியமா. ரெண்டு வாரத்துக்குத் தொடக்கூடாது."

சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

பத்தாம் நாள் மேலிடத்து உத்தரவு வந்தது. சிறையிலிருந்த பாதிரியார்களை மொத்தமாகக் கப்பலேற்றி நாடுகடத்தினார்கள். முழு உடம்போடு போனார் என்று ஹாப்கின்தான் சொன்னான்.

இன்றும் என் ரொட்டியை நானேதான் அறுத்துத் தின்கிறேன். என்றாவது இன்னொரு சாமி இந்த ஊருக்கு வரலாம். செய்த பாவத்துக்காக மனம் வருந்தும் மனஸ்தாபம் உண்டா என்று முதலில் கேட்பார், அது இல்லாமல் அவரால் மன்னிக்க முடியாது. முதல் சத்தியத்துக்கு உண்டு. இரண்டாவதுக்கு, எத்தனை முறை முழங்கால் போட்டுப் பார்த்தும், எனக்கு வரவில்லை.