ஆறுச்சாமியின் திமில்

சட்டையைக் கழற்ற முடியாமல் ஆறுச்சாமி நின்றபோது, அவன் மனைவி மாசாணியம்மாள்தான் வலது கையை மெல்ல உருவிவிட்டாள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் வருடக்கணக்காக மூட்டை சுமந்த தோள். சுமைக்காரர்களுக்குத் தோளில் காய்ப்பு ஏறும். ஏறினால்தான் ஆள் தேறியவன் என்பது அங்கே பேச்சு. அதனால் போன ஆடியில் தோள்பட்டையின்மேல் ஒரு மேடு எழும்பியபோது யாரும் பயப்படவில்லை.

"நம்ம ஆறுச்சாமிக்குத் திமில் மொளச்சிருச்சுங்கோவ். வண்டியில பூட்டிப்போடலாம்" என்றான் கூடச் சுமக்கும் கண்ணையா. ஆறுச்சாமியும் சிரித்தான். வலி கூடும்போது குப்புறப் படுத்துக்கொள்வான். சுமைக்காரர் வீட்டு வழக்கப்படி மாசாணியம்மாள் அவன் முதுகில் ஏறி நின்று, குதிகாலால் அந்த இடத்தை மிதித்துவிடுவாள். அவளைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள் கண்ணுகளா, சுகமாயிருக்கிறதென்று அவனேதான் சொல்லுவான்.

வலது கையைத் தூக்கவே முடியாமல் போனபிறகுதான் வந்தார்கள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹாரிகா அவனை வெளியே உட்காரச் சொன்னாள். பிறகு மூலையில் தொங்கிய பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைத் திருப்பி, முதுகில் முக்கோணமாய் இருந்த எலும்பைத் தொட்டுக் காட்டினாள். அடியில் விலா எலும்புகள் இருந்தும் அவற்றோடு அது ஒட்டவில்லை. முன்னாலிருந்து காறை எலும்பின் நுனியும் பக்கத்தில் கை எலும்பும் மட்டும் வந்து தொட்டன.

"மத்தபடி சுத்தியும் சதைதாங்கம்மா பிடிச்சு வெச்சிருக்கு. இந்த எலும்புலதான் கட்டி."

நடுவில் அது அப்பளம்போல் மெலிந்திருந்தது. இதன்மேலா அத்தனை மூட்டை என்று நினைத்தாள் மாசாணியம்மாள். பிறகு, இதன்மேலா நான் என்று.

"நான் மிதிச்சதுனாலயா கண்ணு?"

"இல்லீங்கம்மா. மிதிச்சு வர்றதில்ல இது." ஹாரிகா எலும்புக்கூட்டைப் பழையபடி திருப்பி வைத்தாள். "அப்பவே வந்திருந்தா இந்த எலும்ப மட்டும் எடுத்திருக்கலாமுங்க. இப்ப நுரையீரலுக்கும் போயிருச்சு. இனி வலி தெரியாமப் பாத்துக்கலாம், அவ்வளவுதான். அவருகிட்ட நான் சொல்லட்டுங்களா?"

"நானே சொல்லிக்கறனுங்க."

பஸ் ஸ்டாப்பில் நல்ல வெயில்.

"என்ன புள்ள சொன்னாங்க?"

"மருந்து குடுத்திருக்காங்க."

"அப்பச் சரி. மாசியில புது மஞ்ச வாரப்ப நானும் போயிரலாம்."

"ஏனுங்க" என்றாள். அதற்குள் ஈரோடு பஸ் தெரிய, அவன் இடது கையை உயர்த்திக்கொண்டு ரோட்டில் இறங்கினான். பஸ் நிற்கவில்லை. புழுதி அடங்கிய பிறகும் அவன் அங்கேயே நின்றான், கையைக் கீழே இறக்காமல்.